பதினான்கு போல்ட்டுகள்

1

இக்கதை என் உள்ளத்தில் தானாக ஊறியதன்று; கேட்டு வாங்கப்பட்டது. கேட்டவர் என் அக்காவின் கணவர். நான் அத்தான் என்று அழைப்பவர். கண்களில் படலம் படர்ந்து, அச்செழுத்து அவருக்கு எறும்பூர்வது போலத் தெரியத் தொடங்கிய நாள்முதல், ஞாயிறுதோறும் காலையில் சென்று எதையேனும் படித்துக் காட்டுகிறேன். இரண்டு மாதங்களுக்கு முன்பு, ஒரு பயணக் கட்டுரையின் நடுவில் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"போதும் வாத்தியாரே. எவனோ எங்கேயோ போய்ட்டு வந்ததை நான் எதுக்குக் கேக்கணும்? நம்ம லாரியைப் பத்தி எழுதிக் கொண்டா."

"அது அண்ணன் லாரி இல்லையா?"

"உடம்பு அவனுது. தலை என்னுது. நாப்பது வருஷம் பிள்ளைங்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் குடுத்தே. ஒரு லாரியைப் பத்தி எழுத வராதா?"

அடுக்களையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "எழுதுவான். அவன் முன்னுரை முடிக்கிறதுக்குள்ள உங்களுக்குக் காதும் போயிடும்."

அக்காவின் வாக்கைப் பொய்யாக்கவே அன்று மாலை எழுத அமர்ந்தேன். மூன்று தொடக்கங்கள் எழுதினேன். அவற்றை அடித்த கோட்டோடு அப்படியே விட்டுவைக்கிறேன்.

'அது ஒரு பழைய லாரி, ஆயினும்' [ஆயினும் என்று முதல் வரியிலேயே சாக்குச் சொல்லும் கட்டுரையை நான் மாணவரிடம் ஏற்றுக்கொண்டதில்லை.]

'இரண்டு இயந்திரங்கள் ஒன்றாகும்போது இரண்டு நெஞ்சங்கள்' [மேடைப் பேச்சு. கைவிட்டேன்.]

'அத்தான் சொல்லியனுப்பிய செய்தியை நான் அண்ணனிடம்' [இது உண்மை. ஆகையால் இதனை முதல் வரியாக வைக்க அஞ்சினேன். நான்காம் பகுதிக்குத் தள்ளியிருக்கிறேன்.]

2

பாத்திரங்களை அறிமுகம் செய்தல் கதாசிரியனின் கடமை. உடன்பிறந்தவரைப் பாத்திரம் என்று எழுதக் கை கூசுகிறது. எனினும் முறை முறையே.

மூவரில் மூத்தவர் அண்ணன். நடுவில் அக்கா. கடைக்குட்டி நான். அண்ணனிடம் ஒரு லாரி இருந்தது. அவர் அதனை வாங்கும்போதே அதற்குப் பதினாறு வயது. அதனை ஓட்ட வந்தவர்தாம் அத்தான். அண்ணனுக்கு ஒத்த வயதினர். ஐந்தாண்டுகள் அதனை ஓட்டி, இடையில் அக்காவை மணந்து, பின்னர் அதே நிறுவனம் தயாரித்த வேறொரு லாரியை, பத்தாண்டு இளையதை, தமக்கென வாங்கிக்கொண்டார். இருவரும் நகமும் சதையுமாக இருந்தனர். [தேய்ந்த உவமை. இவர் வண்டி நின்றுவிட்டதென்று கேட்டால் அவர் பாதிச் சாப்பாட்டில் கைகழுவி எழுவார் என்று எழுதினால் போதுமானது.]

ஒரு நாள் பிற்பகல், ஒரு வளைவில், அத்தானின் லாரி சாலையை விட்டிறங்கிப் பள்ளத்தில் கவிழ்ந்தது. முன்பக்க டயர் வெடித்தது என்றார் அத்தான். அவருடைய இடமுழங்கால் அதன்பின் மடங்கவில்லை. கிளட்சை மிதிக்கும் கால் அது. மருத்துவமனை நடையில் யாரோ ஒருவர் அண்ணனிடம் எப்படி நடந்தது என்று கேட்டார். "தூங்கியிருப்பான்" என்றார் அண்ணன்.

அறைக்கதவு திறந்திருந்தது.

அந்த ஒற்றைச் சொல்லோடு அத்தான் அண்ணனுடன் பேசுவதை நிறுத்தினார். அண்ணனுக்கோ, மன்னிப்புக் கேட்கும் பழக்கத்தை எங்கள் வீட்டில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. "நான் இல்லாததையா சொன்னேன்? நான் தூங்கினதில்லையா? தூங்காத டிரைவர் ஒருத்தனைக் காட்டு" என்று என்னிடம் வாதிட்டார். வாதிட வேண்டியவரிடம் வாதிடவில்லை.

ஆகவே நான் தூதனானேன். அக்கா என்னைத் தபால்பெட்டி என்பாள். தபால்பெட்டி, தன்னுள் விழும் கடிதத்தைத் திருத்துவதில்லை, நான் திருத்தினேன். தொழிற்பழக்கம். "அவன் வீட்டு ஏணி இங்க கிடக்கு. வந்து எடுத்துட்டுப் போகலன்னா வெட்டி அடுப்புல வெச்சிடுவேன்னு சொல்லு" என்பார் அத்தான். நான் அண்ணனிடம் சென்று, "ஏணி பத்திரமா இருக்காம். உங்களுக்கு வசதிப்பட்டப்ப எடுத்துக்கலாமாம்" என்பேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். "வசதிப்பட்டப்பன்னு அவன் சொன்னானா? அடுப்புல வெப்பேன்னு சொல்லியிருப்பானே."

நான் கூரையைப் பார்ப்பேன்.

(வாசகர் இந்த ஏணியை மறவாமலிருக்க வேண்டுகிறேன். கதைக்கு ஏணியால் பயனில்லை. அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையால் பயனுண்டு.)

3

விபத்துக்கு இரண்டாண்டுகள் கழித்து அண்ணனின் லாரிக்கு நோய் வந்தது. எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியை உருவினால், கருநிற எண்ணெய்க்குப் பதிலாகப் பால் கலந்த தேநீர் நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

இயந்திரம் அறியாத வாசகருக்காகச் சில வரிகள். இன்ஜினுக்கு உடல் ஒன்று உண்டு. அதனைப் பிளாக் என்பர். அதன்மேல் மூடிபோல் அமர்வது தலை. அதனை ஹெட் என்பர். நடுவில் கேஸ்கெட் என்னும் மெல்லிய தகடு. மேலிருந்து பதினான்கு போல்ட்டுகள் தலையைத் துளைத்து உடலுக்குள் இறங்கி, இரண்டையும் இறுகப் பிடிக்கும். தலையில் விரிசல் கண்டால், சூட்டைத் தணிக்கும் நீர் எண்ணெயில் கலந்துவிடும்.

(அத்தானின் திருத்தம், இப்பகுதியைப் படித்துக் காட்டியபோது: "மூடின்னு எழுதாதே. சட்டி மூடியா அது? காத்தும் நெருப்பும் போய் வர்ற இடம். தலைன்னே எழுது." மூடி என்பதை அடிக்காமல் வைத்திருக்கிறேன். அத்தான் சொன்னது தெரிய வேண்டுமே.)

பட்டறைக்காரரை எல்லோரும் நாடி என்று அழைத்தனர். ஒரு முழ நீளத் திருப்புளியின் நுனியை இன்ஜின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு அழுத்தி, கண்மூடிக் கேட்டு நோய் சொல்பவர் அவர். அன்று கேட்கவே இல்லை. கம்பியை முகர்ந்து பார்த்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்.

"தலை போச்சு. இந்த வயசு வண்டிக்குப் புதுத் தலை எவன் செஞ்சு வெச்சிருக்கான்? செத்த வண்டி ஏதாச்சும் இருக்கா பாரு."

சொல்லிவிட்டு நாடி வேண்டுமென்றே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஏனெனில் செத்த வண்டி ஒன்று, அவர் பட்டறையின் பின்சுவருக்கு அப்பால், தார்ப்பாய் போர்த்து இரண்டாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் அறை நசுங்கி, சட்டம் கோணி, இன்ஜினில் ஒரு கீறலுமின்றி நின்றது. அத்தானின் லாரி. பழைய இரும்புக்காரர் மூவர் வந்து கேட்டும் அவர் கொடுக்கவில்லை.

அண்ணன் என்னைச் சுவரோரமாக அழைத்துச் சென்றார்.

"நீ போய்க் கேளு. நான் கேட்டேன்னு சொல்லாதே. நாடி கேட்டாருன்னு சொல்லு."

"சரிண்ணே."

நான் பத்தடி நடந்தபின் மீண்டும் அழைத்தார். "இல்ல. நான்தான் கேட்டேன்னு சொல்லு."

4

அத்தான் அப்போது எடைமேடையில் பணியாற்றிவந்தார். சரக்கேற்றிய லாரிகள் ஒவ்வொன்றாக இரும்புத் தளத்தின்மேல் வந்து நிற்கும்; அவர் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னிருந்து எடையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். மடங்காத காலுக்கென்று ஒரு பெட்டியை மேசைக்கடியில் போட்டிருந்தார். நான் சென்று கேட்டேன். நெடுநேரம் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பின்னர் அவர் சொன்னதை, சொல்லுக்குச் சொல், இன்றளவும் நான் மறக்கவில்லை.

"எடுத்துக்கட்டும். எலிக்கு வீடாக் கிடக்கறதுக்கு ஓடட்டும். ஆனா அந்தத் தலைக்கனம் பிடிச்சவன்கிட்ட ஒண்ணு சொல்லு. ஹெட்டை எடுத்துக்கலாம், வால்வு, நாசில் எல்லாம் எடுத்துக்கலாம். என் போல்ட்டு மேல மட்டும் கை வெக்கக் கூடாது. அவன் போல்ட்டையே போட்டுக்கட்டும். ஏன்னு அவனுக்கே தெரியும். மீறி எடுத்தான்னா செத்தாலும் அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஓட ஆரம்பிச்சதும் வீட்டுப் பக்கமா ஒரு தடவை ஓட்டிட்டு வரச் சொல்லு. சத்தத்தைக் கேக்கணும்."

திரும்பி நடக்கையில் இச்செய்தியைத் திருத்தத் தொடங்கினேன். தலைக்கனம் என்பது முதலில் போயிற்று. மூஞ்சியில் முழிக்காமை அடுத்துப் போயிற்று. போல்ட் பற்றிய பகுதி என்னை உறுத்தியது. ஆயிரம் கிலோ எடையுள்ள இன்ஜினின் தலையையே கொடுப்பவர், பதினான்கு போல்ட்டுகளுக்கு முட்டுக்கட்டை போடுவானேன்? 'ஏன்னு அவனுக்கே தெரியும்' என்றது பழைய பகையையே என்று முடிவு செய்தேன். சின்னத்தனம் என்று கருதினேன். அத்தானின் பெருமைக்கு அது இழுக்கு என்றும் கருதினேன். அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக எண்ணி அவ்வரியை முழுவதும் நீக்கினேன்.

பட்டறையில் காத்திருந்த அண்ணனிடம் நான் சேர்ப்பித்தது இவ்வளவுதான்: "எடுத்துக்கச் சொன்னார் அண்ணே. ஓட ஆரம்பிச்சதும் வீட்டுக்கு ஓட்டிட்டு வரணுமாம். சத்தம் கேக்கணுமாம்."

அண்ணன் கையிலிருந்த அழுக்குத் துணியை நான்காக மடித்தார்.

"அவனா சொன்னான்?"

"அவர்தான் சொன்னார்." அது உண்மையாதலால் இம்முறை கூரையைப் பார்க்கவில்லை.

"அப்ப முதல் ஓட்டம் அவன் வீட்டுக்குத்தான். பக்கத்துல ஏத்தி உக்கார வெச்சு ஒரு சுத்து சுத்திட்டு வரேன். அதுக்கப்புறமும் பேசாம இருக்கானா பாக்கறேன்."

[நான்காம் பகுதிக்கு இன்னொரு படியும் என் மேசையில் இருக்கிறது. அதில் நான் செய்தியை முழுவதும் சொல்கிறேன். அண்ணன்தான் செவிசாய்க்க மறுக்கிறார். அதனை எழுத ஒரு மாலைப்பொழுது போதுமானதாயிருந்தது. வாசகர் இப்போது படித்த படிக்கு மூன்று வாரம் ஆயிற்று.]

5

மூன்று நாள் வேலை. பள்ளி விடுமுறையாதலால் மூன்று நாளும் உடனிருந்தேன். துணி எடுத்துக் கொடுப்பதும், கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையில் பலகைமேல் அடுக்குவதும் என் பணிகள்.

தார்ப்பாயை விலக்கியபோது நசுங்கிய ஓட்டுநர் அறைக்குள் அத்தானின் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதனை எடுத்து உதறி, மடித்து, என் தோள்மேல் போட்டார். மூன்று கம்பங்களைக் கூட்டி நிறுத்திய முக்காலியில் கட்டிய சங்கிலியால் ஹெட்டைத் தூக்கினோம். இரும்பிலிருந்து இரும்பு பிரியும்போது எழும் ஒலி ஒன்றுண்டு. ஈரச் செருப்பைச் சேற்றிலிருந்து எடுப்பதுபோல.

(அத்தான்: "அந்தச் சத்தம் கேஸ்கெட்டுலேர்ந்து வரும். செருப்புன்னது சரிதான். எழுது.")

பழைய உடலும் புதிய தலையும் ஒரே குலமாயினும் சம்பந்தம் எளிதில் கூடிவரவில்லை. நீர் வெளியேறும் வாய் பழைய தலையில் இடப்பக்கம், புதியதில் வலப்பக்கம். ரேடியேட்டருக்குச் செல்லும் குழாய் எட்டவில்லை. நாடி வேறேதோ வண்டியின் வளைந்த குழாய் ஒன்றைக் கொண்டுவந்து, அறுத்து, திருப்பி, பொருத்தினார். டீசல் செல்லும் மெல்லிய குழாய்களை மணல் நிரப்பி, சூடாக்கி, உடையாமல் வளைத்தார். "பொண்ணு வீட்டுக்காரங்க கொஞ்சம் முறுக்கு. விட்டுப் பிடிக்கணும்" என்றார். அண்ணன் சிரித்தார். இரண்டாண்டுகளில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

(சென்ற ஞாயிறு இவ்விடம் வரைதான் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் விரலை மடக்கி எண்ணினார். "மூணு படிச்சே. அப்புறம் அஞ்சு படிக்கிறே. நாலு எங்க?" இன்னும் தீட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். "தீட்டு, தீட்டு. கூர் மழுங்கற வரைக்கும் தீட்டு" என்றார்.)

அத்தானுக்கு இன்னும் படித்துக் காட்டாத பகுதி இனி வருவது.

மூன்றாம் நாள் முற்பகல். தலை உடல்மேல் அமர்ந்துவிட்டது. இரண்டு தகரக் குவளைகள் இருந்தன. ஒன்றில் அண்ணனின் பழைய போல்ட்டுகள். துருவேறி, சிலவற்றின் முனைகள் ஸ்பானர் வழுக்கி உருண்டிருந்தன. மற்றொன்றில் அத்தானின் போல்ட்டுகள். மண்ணெண்ணெயில் ஊறி, நீலம் பாய்ந்து, நகை போலக் கிடந்தன.

நாடி இரண்டையும் பார்த்தார். "எதைப் போட?"

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "போல்ட்டைப் பத்தி மாப்பிள்ளை ஏதாச்சும் சொன்னானா?"

வாசகரே, கேள்வி இதைவிடத் தெளிவாக யாருக்கும் வந்திராது. நான் என் திருத்திய படிக்கு உண்மையாக நடந்துகொண்டேன்.

"எல்லாத்தையும் எடுத்துக்கச் சொன்னார்."

நாடி நீலப் போல்ட்டுகளை எடுத்தார். நடுவிலிருந்து தொடங்கி வெளிநோக்கிச் சுழன்று, ஒவ்வொன்றையும் மும்முறை முறுக்கினார். பதினான்கும் கைக்கு இறுகின. நான் எண்ணினேன்.

6

பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி உயிர்பெற்றது. நாடி திருப்புளியை ஊன்றிக் கேட்டு, "வாலிபம்" என்றார். அரைமணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அண்ணன் முகம் கழுவி, சட்டை மாற்றி, ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். அவருக்கு அடுத்த இருக்கையில் உட்காரப்போன என்னை, "அங்க இல்ல. ஓரத்துக்குப் போ. அது அவனுக்கு" என்றார். அத்தானின் துண்டை அவ்விருக்கைமேல் விரித்தேன்.

அக்காவின் வீடு ஒரு மேட்டுத் தெருவில் இருந்தது. சந்தையைக் கடந்து, பள்ளியைக் கடந்து, பாலத்தைக் கடந்து ஏற்றத்தைத் தொட்டோம். அண்ணன் இரண்டாம் கியருக்கு மாற்றி, "கேக்குதா? கேட்டுக்கிட்டு வாசல்ல நிப்பான் பாரு" என்றார். பாதி ஏற்றத்தில் ஒரு சீறல் எழுந்தது. பின்னர், துணி கிழிவதைப் போன்றதோர் ஒலி. முன்பக்கம் முழுவதும் வெண்ணிற ஆவி. வண்டி நின்றது. அண்ணன் பிரேக்கை மிதித்தவாறே ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கச் சொன்னார். நான் இறங்கிக் கல் வைத்தேன்.

அங்கிருந்து அக்காவின் வீட்டு வாசல் தெரியும். முன்னூறு அடி இருக்கலாம்.

அக்கா குடத்தில் நீருடன் ஓடிவந்தாள். அத்தான் வரவில்லை. கம்பை ஊன்றியபடி வாசலில் நின்றார். ஆவி அடங்கும் மட்டும் பார்த்துவிட்டு உள்ளே சென்றார். அண்ணன் அந்த வாசலைப் பார்த்தார். முன்னூறு அடி நடக்கவில்லை. வேறொரு லாரி வந்து கயிறு கட்டி, பின்னோக்கி இழுத்துச் சென்றது.

'நினைவு என்பது ஓர் ஏற்றம், அதில் நாம் அனைவரும்' [அனைவரும் அல்லர். நான் ஒருவன்.]

7

மறுநாள் நாடி தலையைக் கழற்றினார். ஒரு போல்ட்டின் நுனியைப் பெருவிரலால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்தார். நுனி நசுங்கி மினுங்கியது. பதினான்கும் அவ்வாறே.

"ஐயோ, மடையன் நான்" என்றார். ஒரு குச்சியை உடலின் துளைக்குள் விட்டு ஆழம் அளந்து, அதனைப் போல்ட்டோடு ஒட்டிவைத்துக் காட்டினார். "பாரு. புது இன்ஜின்ல ஓட்டை ஆழம், அதனால போல்ட்டு நீளம். பழசுல ஓட்டை மேலாப்புல நின்னுடுது. நான் முறுக்கினப்ப போல்ட்டு அடியில போய் முட்டிக்கிட்டு நின்னிருக்கு. கைக்கு இறுக்கம். தலையை அது பிடிக்கவே இல்ல."

அண்ணன் குச்சியையே பார்த்தார். "முன்னாடி ஒரு தடவை இந்த இன்ஜினைப் பிரிச்சோம். மாப்பிள்ளையும் நானும். இப்படித்தான் குச்சி விட்டு அளந்தான். எனக்கு மறந்துபோச்சு. அவனுக்கு மறந்திருக்காது." பிறகு, மெதுவாக: "தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லியனுப்பல பாரு."

நான் பலகைமேல் உறுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். வரிசை தவறாமல் அடுக்கினேன்.

மாலையில் அத்தானிடம் சென்றேன். "சொன்னியா?" என்றார். எதனை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"சொன்னேன்" என்றேன்.

அத்தான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தலைக்கனம்" என்றார். அதன்பின் இன்றுவரை, நாற்பத்தோராண்டுகளாக, அண்ணனைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் அச்சொல்லில்தான் முடிக்கிறார்.

8

லாரி பிழைத்தது. நாடி போல்ட்டுக்கு இரண்டு தடித்த வாஷர்கள் வீதம் கடைந்து போட்டார்; புதிய கேஸ்கெட் இட்டார். அத்தானின் தலையோடும் அத்தானின் போல்ட்டுகளோடும் அது மேலும் பதினோராண்டுகள் ஓடியது. ஓடியதெல்லாம் எடைமேடை வழியேதான்; வேறு வழி இல்லை. அண்ணன் சன்னலுக்குள் கை நீட்டுவார். அத்தான் சீட்டைக் கொடுப்பார். ஒரு சொல் கிடையாது. இருவரும் என்னையும் பயன்படுத்துவதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டனர். அதனை அமைதி என்று நான் எண்ணிக்கொண்டேன்.

ஒன்பதாண்டுகளுக்கு முன்பு அண்ணன் காலமானபோது, அவருடைய கருவிப்பெட்டி என்னிடம் வந்தது. அடியில், ரப்பர் வளையமிட்டு, எடைச்சீட்டுகள் ஒரு கட்டு. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அத்தானின் கையெழுத்தில் ஓரிரு சொற்கள்.

'டேப்பெட் தட்டுகிறது.'
'இடது பின் டயரில் காற்று.'
'புகை. நாசில் பார்.'
'இருமல் உனக்கா வண்டிக்கா?'

அத்தான் கண்ணாடிக்குப் பின்னிருந்து தம் தலையின் ஒலியைக் கேட்டு எழுதியிருக்கிறார். அண்ணன் மறுமொழி எழுதியதில்லை. அடுத்த நடையில், வால்வை இயக்கும் அந்த டேப்பெட் தட்டாமல் வந்திருக்கும், அதுவே மறுமொழி. பதினோராண்டுகள் இவ்வாறு உரையாடியிருக்கின்றனர். திருத்துவார் யாருமின்றி.

கட்டின் அடியில் இருந்தது முதற்சீட்டு. நாள், வண்டி பிழைத்தெழுந்த வாரம். அத்தான் எழுதியிருந்தார்: 'போல்ட்டைப் பற்றிச் சொல்லியனுப்பினேனே.'

அதற்குக் கீழே, பென்சிலில், அண்ணனின் கோணல் எழுத்தில்: 'யாரிடம்?'

அச்சீட்டு சன்னலுக்குத் திரும்பிச் செல்லவில்லை. எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். அத்தானிடமிருந்து அண்ணனுக்குச் செய்தி கொண்டுவரும் ஆள் உலகிலேயே ஒருவன்தான். அவன் ஏணிக் காலம்முதல் செய்தியைத் திருத்துகிறவன் என்பதும் அண்ணனுக்குத் தெரியும். விடை தெரிந்த கேள்வியை அவர் அனுப்பவில்லை. என்னையும் கேட்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் என் வீட்டில் உணவருந்தினார். என் பிள்ளைகளை லாரியில் ஏற்றிச் சுற்றிக் காட்டினார். ஒருமுறைகூட என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. நானும் அவர் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்கவில்லை.

9

இன்று சனிக்கிழமை. நாளை நான்காம் பகுதியோடு செல்ல வேண்டும். முடிவு எழுதப்படாமல் இருக்கிறது. சிலவற்றை முயன்று பார்த்தேன்.

ஒன்றில், அத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும் வாத்தியாரே" என்று சிரிக்கிறார். [தன் விடைத்தாளைத் தானே திருத்தி நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்ளும் மாணவன். அடித்துவிட்டேன்.]

இன்னொன்றில், கேட்டுவிட்டு, அண்ணனோடு பேசாமலிருந்ததைப் போலவே என்னோடும் பேசாமலிருக்கிறார். அக்கா எங்கள் இருவருக்கும் நடுவில் தபால்பெட்டியாகிறாள். [இது நடக்கக்கூடியது. அக்கா திருத்தமாட்டாள், கூட்டிச் சொல்வாள்.]

மூன்றாவதில், மற்றொரு படியைப் படிக்கிறேன். நான் செய்தியைச் சொன்னேன், அண்ணன் கேட்கவில்லை. அத்தான் "தலைக்கனம்" என்கிறார். இறந்தவருக்கு வலிக்காது. என் ஞாயிறுகள் அப்படியே இருக்கும். [இதனை அடிக்கவில்லை. அடிக்க எழுதுகோலெடுத்தேன், எடுத்த கோலைக் கீழே வைத்தேன். அதையும் எழுதத்தானே வேண்டும்.]

ஆகவே முடிவை எழுதாமல், நாளை நிச்சயமாக நடக்கவிருப்பதை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன்.

அத்தான் சன்னலோரத்து நாற்காலியில், மடங்காத காலைப் பெட்டியின்மேல் நீட்டி அமர்ந்திருப்பார். எடைமேடையிலிருந்து கொண்டுவந்த அதே பெட்டி. என் பையில் நான்காம் பகுதியின் இரண்டு படிகளும் இருக்கும். சட்டைப்பையில் அண்ணனின் சீட்டு இருக்கும். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள்.

"கொண்டாந்தியா?" என்பார் அத்தான்.

"கொண்டாந்தேன்."

"நல்லாத் தீட்டிட்டியா?"

"ரெண்டு விதமா எழுதியிருக்கேன் அத்தான்."

"எனக்கு ஒரு விதம் போதும்" என்பார். பட்டறையில் நாடி செய்வதைப் போலக் கண்களை மூடி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொள்வார். "திருத்தாமப் படி."

வாசகரே, உமக்கு எந்தப் படியைக் கொடுத்தேன் என்பது உமக்குத் தெரியும். இரண்டு படிகளுக்கும் தொடக்கம் ஒன்றே. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வேன். ஒரு தாளை வெளியே எடுப்பேன்.

"நான்கு" என்று படிப்பேன்.